ஒற்றைச் சுருள்

1997 மார்ச் 4, செவ்வாய். பின்னேரம் 5.40. சுற்று 3,118.

கம்பி அறுந்துவிட்டது.

இன்னும் நாலாயிரம் சுற்று மிச்சம். அம்மாவின் தையல் மெஷினில் நூல் சுற்றும் சில்லோடு கிற்றார்ச் சுருளின் சட்டத்தைப் பொருத்தி, நான் மிதித்துக்கொண்டே கம்பியை விட, தங்கச்சி பூரணி பக்கத்திலிருந்து எண்ணினாள். ஒழுங்காகத்தான் போனது. பூரணி தும்மினாள். என் கை இழுபட்டது. முடிந்தது கதை.

"நான் தும்மினதுக்கு உன்ர கை ஏன் அண்ணா இழுபடுது?"

கேள்வி சரியானது. அதனால் கத்தினேன். "மெஷின் சும்மாவோ இப்ப? எனக்குச் சட்டை தைக்கக் கிடக்கு" என்று அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்துவிட்டார்.

எனக்கே குழம்பாமலிருக்க விஷயத்தை எழுதி வைக்கிறேன். ஞானசேகரம் அண்ணை போன கிழமை ஒழுங்கை முன்கடைக்குப் போன் எடுத்து என்னைக் கூப்பிட்டார். முந்தி எங்கள் ஊரில் ஓர்கன் வாசித்தவர், இப்போது கொழும்பில் குழு நடத்துகிறார். மாலைதீவு ஹோட்டல் ஒன்றில் இரண்டு வருட ஒப்பந்தம். அவருடைய கிற்றார்காரன் கனடாவுக்கு மாறிவிட்டான்.

"நீ வாசிப்பாய் எண்டு எனக்குத் தெரியும். ஆனா சாமான்தான் முக்கியம். வாறது முழுக்க வெள்ளைக்காரக் கிழடுகள். அவைக்கு அறுபதாம் ஆண்டுச் சத்தம் வேணும். உன்ர கொரியாக் கட்டையைக் கொண்டு வந்தியெண்டா வாசல்லயே நிப்பாட்டிப்போடுவன்."

ஏப்ரல் 18 பின்னேரம் கொழும்பில் நிற்க வேண்டும், அந்தச் சத்தத்தோடு.

என் கிற்றார் இரட்டைச் சுருள். தந்திக்குக் கீழே காந்தத்தைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். வெளி இரைச்சலை ஒன்று மற்றதில் கழித்துவிடும். சுத்தம், அமைதி, உயிரில்லை. பழைய கிற்றார்களில் ஒற்றைச் சுருள். இரையும். ஆனால் தந்தியைத் தட்டினால் கண்ணாடிக் கிளாசில் கரண்டி பட்ட மாதிரி ஒரு கூர் வரும். அதைத்தான் நான் சுற்றி எடுக்கப் பார்த்தேன்.

கம்பி தலைமுடி மொத்தம், அவ்வளவு மெல்லிசு. நான் வேலை செய்கிற கடை மஹ்ரூப் நானாவுடையது, ரேடியோ, ரி.வி. திருத்துகிற கடை. அவர் பழைய இரும்போடு வாங்கிப் போட்ட ஒரு ரெலிபோன் பெட்டிக்குள் கிடந்த கம்பி அது. திருக்கோணமலையில் வேறு இல்லை. கொழும்பிலிருந்து கொண்டுவரவும் ஏலாது. ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் கம்பி, பற்றறி, மணிக்கூடு எல்லாம் ஒரே சாமான்தான், குண்டுச் சாமான்.

வயது இருபத்துநாலு. எலெக்ரோனிக்ஸ் டிப்ளோமா. செய்கிற வேலை, மற்றவர்களின் ரி.வி.க்குள் செத்த பல்லி பொறுக்குவது.

மார்ச் 6

அறுந்த இடத்தை ஒட்டி, மிச்சம் முழுவதையும் சுற்றி முடித்தேன். கம்பி தீர்ந்தது. சத்தம்: பிஸ்கற் ரின்.

மார்ச் 9, ஞாயிறு

கலீல் வந்தான். கலீலுர் றஹ்மான், கிண்ணியாக்காரன், என்னோடு டிப்ளோமா படித்தவன், இப்போது கருவாடு யாவாரம். பிஸ்கற் ரின்னைக் கேட்டுவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தான்.

"மச்சான், இதுக்கு நீ கொட்டாங்குச்சியில நாலு ஆணி அடிச்சிருக்கலாம்." பிறகு சொன்னான்: "இறக்கக்கண்டியில ஒரு மீன்வாடிக் கொட்டிலுக்குள்ள கரண்டுக் கிற்றார் ஒண்டு தொங்குது. கருவாடு எடுக்கப் போறநேரம் பாத்தனான். முந்திக் கப்பல்காரனிட்ட வாங்கினதாம். வலைக்குப் பக்கத்தில இரிக்கி."

"எத்தினை சுருள்?"

"நான் கருவாடு பாக்கப் போனனா, சுருள் எண்ணப் போனனா?"

மார்ச் 12

இறக்கக்கண்டி போய் வந்தேன். கிற்றார் கட்டிலுக்கடியில் இருக்கிறது. வந்ததை எழுதுகிறேன்.

வாடிக்காரர் யோகலிங்கம். ஐம்பது வயதிருக்கும். கிற்றாரின் உடம்பில் மீன் செதில் ஒட்டியிருந்தது. பச்சைப் பெயின்ற். யப்பானில் செய்தது. சுருள் இரண்டு, ஆனால் தனித்தனி, ஒன்றையொன்று கழிக்காதவை. நான் தேடியதேதான். தந்தி ஒன்றுகூட இல்லை.

"தந்தி எங்க அண்ணை?"

"கடலுக்குள்ள."

விளையாட்டில்லை. அறுக்குளா மீன் நைலோனைக் கடித்து அறுத்துவிடும், அதனால் தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் கிற்றார் தந்தி கட்டியிருக்கிறார். "நல்ல சாமான். பாஸ் தந்தியில ஒரு சுறாவும் பிடிச்சனான். என்ர தம்பி உதை வச்சு உழைச்சதை விட நான் கனக்க உழைச்சிட்டன்." தம்பி ஜேர்மனியில் கோப்பை கழுவுகிறானாம்.

மீற்றர் வைத்துப் பார்த்தேன். பின்சுருள் செத்துவிட்டது. உப்பு தின்றிருக்கிறது. முன்சுருளில் ஊசி அசைந்தது. உயிர் இருக்கிறது.

அவருடைய ரேடியோ பாடவில்லை என்றார். அங்கேயே திறந்து, கறள் பிடித்த பற்றறிச் சட்டத்தைச் சுரண்டி, ஈயத்தால் ஒரு பத்து வைத்தேன். பாடியது. "கொண்டு போ. தம்பிக்காரன் கேட்டா மீன் இழுத்துக்கொண்டு போட்டுது எண்டு சொல்லுறன்."

திரும்புகாலில் நிலாவெளிப் பக்கச் சென்றியில் பஸ்ஸை மறித்து என்னை இறக்கினார்கள். "இது என்ன?" கிற்றார் என்றேன். "வாசி." தந்தி இல்லை என்றேன். "வாசி." பஸ்ஸில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தந்தியில்லாத கட்டையை நெஞ்சில் வைத்து விரலை ஆட்டினேன். ஆமிக்காரன் ஒருவன் கை தட்டினான். "தந்தியில்லாமல் சத்தம் வராது" என்று நான் அவனுக்கு விளக்கினேன். ஏன் விளக்கினேன்? அவனுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. அது ஒரு தீராத வருத்தம், காய்ச்சல் மாதிரி.

மார்ச் 16

உப்பைக் கழுவினேன். கலீல் தந்தி கொண்டுவந்து தந்தான். முன்சுருளின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், தொடவில்லை. முப்பது வருடத்துக்கு முன் யாரோ அவசரத்தில் சுற்றியிருக்கிறார்கள். ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம். படித்த எவனும் இப்படிச் சுற்றமாட்டான். அந்த மேடுபள்ளத்தில்தான் சத்தம் இருக்கிறது. இதை நான் சுற்றினால் சீராக வந்துவிடும். ஆகவே தொடக் கூடாது. தொடக் கூடாது.

மார்ச் 20, வியாழன்

வந்தது.

வேறென்ன எழுத? வந்தது. மேலே கண்ணாடி, கீழே மரம். ஒரு தந்தியைத் தட்டிவிட்டு அது ஓயும்வரை காத்திருந்தேன். அம்மா மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"இதுதானோ?"

"ஓம்."

"இதுக்கோ இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். ஆனால் நான் நிறுத்தும்வரை மெஷின் மிதிக்கவில்லை.

மார்ச் 21

கிற்றாரையும் அம்பிளிபயரையும் சைக்கிளில் கட்டி முன்கடைக்குக் கொண்டுபோனேன், போனில் ஞானசேகரம் அண்ணைக்கு வாசித்துக் காட்ட. ரெலிபோனில் மேல்சத்தம் போகாது, பாதிதான் கேட்கும் என்று முதலிலேயே சொன்னேன். "வாயை மூடிக்கொண்டு வாசியடா."

வாசித்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"திரும்ப வாசி" என்றார். பிறகு, "இதை எங்கயடா பிடிச்சனீ?"

"மீன் வாடியில."

"பதினெட்டாம் திகதி. பயணத்துக்குப் பொலிஸ் றிப்போட்டை எடு. இதை விட்டுட்டு மட்டும் வந்திடாத."

பொலிஸ் ஸ்டேஷனில் விண்ணப்பம் கொடுத்தேன். இரண்டு கிழமை என்றார்கள். இங்கிருந்து போகப் போகிறேன். எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் வாசித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்த பிறகும் அம்பிளிபயர் கதைத்தது.

சிங்களம். ஆண் குரல். தெளிவு. "சோறு இன்னும் வரவில்லை. திரும்பச் சொல்கிறேன், சோறு இன்னும் வரவில்லை."

நேவி. எங்கள் ஒழுங்கையிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு மேலே அவர்களின் கம்பம் தெரியும். பழைய மாதிரிச் செட் பாவிக்கிறார்கள்போல. ஒற்றைச் சுருளுக்கும் வயருக்கும் அந்த அலை ஏறுகிறது, அம்பிளிபயர் அதைக் குரலாக்கிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். பெரிய அதிசயமில்லை.

பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் ஐயா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கையின் செய்தி அவர்தான்.

"என்ன தம்பி, சிங்கள நாடகமோ போகுது?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். நான் என்ன செய்தேன்? "நாடகம் இல்லை ஐயா, ரேடியோவும் இல்லை. நேவிக்காரன் கதைக்கிறது கிற்றாருக்குள்ளால வருது" என்று தொடங்கி, காந்தம், சுருள், அலை எல்லாம் விளக்கிவிட்டேன்.

கனகரத்தினம் ஐயாவின் முகம் மலர்ந்தது. "எட விண்ணா! படிச்ச படிப்பு வீண்போகேல்லை!"

மார்ச் 25

அம்பிளிபயர் வாசலில் சின்னக் கண்டென்சர் வைத்தேன். குரல் குறைந்தது, போகவில்லை. கம்பம் அவ்வளவு கிட்ட. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துச் சுருளைச் சுற்றிப் போர்த்தினேன். குரல் போய்விட்டது. கூரும் போய்விட்டது. தலையணைக்குள் வைத்து வாசித்த மாதிரி.

தாளைக் கழற்றிவிட்டேன். மாலைதீவில் நேவிக் கம்பம் இல்லை. அதுவரை மெதுவாக வாசிப்பது.

மார்ச் 27

தேத்தண்ணிக் கடையில் முன்பின் தெரியாத ஒருவன்: "தம்பி, நேவி இண்டைக்குச் சாப்பிட்டிட்டுதோ?" கடை முழுக்கச் சிரித்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, சனி

காலையில் நேவிக்காரர் வந்தார்கள். பூரணி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள், விளக்குமாற்றோடு அப்படியே நின்றாள். கிற்றார், அம்பிளிபயர், நான், மூன்றும் ட்ரக்கில்.

முகாமில் அடிக்கவில்லை. இதை முதலில் எழுதுகிறேன். மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவர், அதிகாரி, இருந்தார். "கேட்கிற பெட்டி எது?" பெட்டி இல்லை, கிற்றார் என்றேன். "கேட்கிறதா இல்லையா?" கேட்கிறது என்றேன். "அப்படியென்றால் கேட்கிற பெட்டி."

ரேடியோ அறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், மெல்லிய மீசை, அரைகுறைத் தமிழ். கிற்றாரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஒரு கொயில், ஆ?" சுருளைச் சொல்கிறார்.

அம்பிளிபயரில் மாட்டினார். இரைந்தது. கிற்றாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பச் சொன்னேன். ஒரு திசையில் இரைச்சல் செத்தது. இன்னும் திரும்ப, எழும்பியது. சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். இருந்தாற்போல் ஒரு சிங்களப் பைலாப் பாட்டுத் துண்டு வாசித்தார். நன்றாக வாசிக்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது.

அவர் பெரியவரிடம் எனக்காகக் கதைத்தார், கனநேரம். முடிவு: கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பரிசோதிப்பார், 21ஆம் திகதி. அதுவரை பெட்டி வீட்டிலேயே இருக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும். பொலிஸ் றிப்போட் அதற்குப் பிறகு.

பதினெட்டாம் திகதி என்று சொல்லிப் பார்த்தேன். "மாலைதீவு எங்கும் போகாது" என்றார் பெரியவர்.

ஏப்ரல் 2

கடைக்கு ஒருவர் ரேடியோ கொண்டுவந்தார். வெள்ளைச் சேட், பொக்கற்றில் பேனை. ஆசிரியர் என்று நினைத்தேன். ரேடியோவைத் திறந்து பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை.

"பழுதில்லை எண்டு எனக்கும் தெரியும்" என்றார் மெதுவாக. "உங்கட சாமான் நேவி கதைக்கிறதைப் பிடிக்குதாம். சந்தோசம். எங்களுக்கும் ஒண்டு வேணும்."

இயக்கப் பெடியள். நானா கணக்குப் பார்க்கிறமாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணை, அது ஒரு சாமானும் இல்லை. கவசம் போடாத பழைய கிற்றார். அவங்கள் கதைக்கிறதும் ஒண்டும் இல்லை. சோறு வரேல்லை எண்டுதான் சொல்லுறாங்கள்."

"எந்தப் படகுக்குச் சோறு வரேல்லை எண்டு சொன்னாங்கள்?"

நான் ரேடியோவின் மூடியைப் பூட்டத் தொடங்கினேன்.

"பாத்தீங்களே. சோறு வராத படகு கரைக்கு வரேல்லை. உங்களுக்கு அது ஒண்டும் இல்லை. எங்களுக்கு நிறைய." எழும்பினார். "அடுத்த வியாழன் வாறன். ஒண்டில் இன்னொண்டு செய்து தாங்கோ, அல்லது அதைத் தாங்கோ. நீங்களும் கூட வந்தாலும் நல்லம். படிச்ச ஆக்கள் எங்களுக்குத் தேவை."

எல்லாம் 'ங்கோ' போட்டுத்தான். ஒரு சொல் மரியாதைக் குறைவில்லை.

ஏப்ரல் 4

நித்திரை இல்லை. என்ன செய்யிறது? என்னடா செய்யிறது?

கிற்றாரைப் பெடியளுக்குக் குடுத்தா, 21ஆம் திகதி நேவி வந்து எங்க பெட்டி எண்டு கேக்கும். குடுக்காட்டி வியாழன். ஓடினா, றிப்போட் இல்லாமல் ஹபரணைச் சென்றியில பிடிபடுவன். பிடிபடாட்டியும் அம்மாவும் பூரணியும் இங்க. ரெண்டு பக்கமும் வந்து கதவைத் தட்டுற நேரம் ஆர் திறக்கிறது? அம்மா. எல்லாம் எதுக்கு? ஒரு கவசம் இல்லாத சுருளுக்கு. ஒரு இரைச்சலுக்கு. நான் வாய் வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால்! "நாடகம்தான் ஐயா" எண்டிருந்தால்!

கலீலிடம் சொன்னேன். "கிண்ணியாவுக்கு வா, எங்கட வீட்டில இரி" என்றான். உடனே அவனே சொன்னான், "உன்னைத் தேடி அங்க வந்தாங்களெண்டா வாப்பாவுக்கு என்ன சொல்ற?"

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜீப். ஒழுங்கை முகப்பில் கோர்ண் அடித்துக்கொண்டு. ரேடியோக்காரர், துவக்கோடு இருவர். விசாரணைக்கு இல்லை, கிற்றார் வாசிக்க வந்திருக்கிறார்! பட்டப்பகலில், முழு ஒழுங்கையும் பார்க்க, என் சிநேகிதன் மாதிரி!

நான் குசினிக்குள் பாய்ந்தேன். அம்மா வாசலில் நின்றார்.

"மகன் இல்லை. காய்ச்சல் எண்டு மருந்தெடுக்கப் போட்டான்."

கண் இமைக்காமல் சொன்னார். அம்மா பொய் சொல்லி நான் முதன்முதல் கேட்டது இன்றைக்குத்தான். என்ன சுத்தமாகச் சொன்னார்! பிறகு வந்தவரை இருக்கச் சொல்லி, பிளேன்ரீ ஊற்ற உள்ளே வந்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த என்னைத் தாண்டிச் சீனிப் போத்தலை எடுத்தார். பார்க்கவேயில்லை.

அவர் கதிரையில் இருந்து வாசித்தார். இரண்டு பாட்டு. நடுவில் அவர்களின் குரலே அம்பிளிபயரில் வந்தது, அவர் சிரித்தார். போகும்போது குசினிப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்:

"நல்ல கிற்றார், மல்லி. காய்ச்சல் கவனம்." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

ஏப்ரல் 7

கனகரத்தினம் ஐயா இரண்டு நாளாக வேலிக்கு மேலால் பார்ப்பதில்லை. ஒழுங்கையில் ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. பூரணியைச் சந்தையில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "உங்கட வீட்டில நேவி தேத்தண்ணி குடிக்குதாமே?" வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.

ஏப்ரல் 9, புதன்

செய்துவிட்டேன்.

கிற்றாரைச் சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய், மத்தியானம், நானா தொழுகைக்குப் போன நேரம். மூடியைக் கழற்றினேன். வெளிநுனியை மட்டும் வெட்டியிருக்கலாம். பார்ப்பவனுக்குச் செத்துப்போன மாதிரித் தெரியும், பிறகு ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். துவக்கு வைத்திருக்கிற ஒருவன் "ஒட்டு" என்றால் ஒட்டிவிடுவேன். ஒட்ட முடியும் என்று விளக்கமும் சொல்லுவேன்.

ஆகவே பிளேட்டை வைத்துக் குறுக்கே இழுத்தேன். காந்தத்தில் பிளேட் தட்டும்வரை. ஆயிரக்கணக்கான நுனிகள், மயிர் வெட்டின மாதிரி மேசையில் விழுந்தன. மேடும் போனது, பள்ளமும் போனது.

நானா திரும்பி வந்து பார்த்தார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கைய வெட்டிக்கிட்டீரா தம்பி?"

வெட்டவில்லை. பிறகுதான் பார்த்தேன், பெருவிரலில் இரத்தம்.

ஏப்ரல் 10, வியாழன்

வெள்ளைச் சேட் வந்தார். கிற்றாரை மாட்டிக் காட்டினேன். ஒன்றுமில்லை, இரைச்சல்கூட இல்லை.

"சுருள் அறுந்திட்டுது அண்ணை."

"திரும்பச் சுத்தேலாதோ?"

"கம்பி தந்தால் சுத்தலாம். முடி மொத்தக் கம்பி. திருக்கோணமலையில இல்லை." இது உண்மை. முதல் தடவையாக உண்மை எனக்கு உதவி செய்தது.

மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குனிந்து பார்த்தார். "அறுந்ததோ, அறுத்ததோ?"

சுருளை உப்பு எப்படித் தின்னும் என்று ஒரு முழு விளக்கம் வாய்க்குள் வந்து நின்றது. விழுங்கினேன்.

"அறுந்தது."

அவர் நானா பக்கம் திரும்பினார். நானா தலை நிமிராமல் சொன்னார்: "கடல் வாடியில கிடந்த சாமான். நான் பார்க்கத்தான் பொலபொலண்டு கொட்டிச்சு. ஒட்ட ஏலுமெண்டா இந்தப் பொடியன் ஒட்டாம வெச்சிரிப்பானா?"

வெள்ளைச் சேட் மூடியைத் தானே திரும்பப் பொருத்தினார். பிறகு பழுதில்லாத தன் ரேடியோவை எடுத்துக்கொண்டு போனார். என்னையும் வரச் சொன்ன கதையை எடுக்கவில்லை. இனி எடுப்பாரா? தெரியாது.

நேற்றுத் தொழுகைக்குப் போன மனிசன், பொலபொலவென்று கொட்டியதைப் பார்த்ததாகச் சொல்கிறார்.

ஏப்ரல் 11

முகாமுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், பழுதாகிவிட்டது, பரிசோதிக்க ஒன்றுமில்லை என்று. பெரியவர் ரேடியோக்காரரைக் கூப்பிட்டார். அவர் மூடியைத் திறந்தார்.

பார்த்தவுடன் விளங்கிவிட்டது அவருக்கு. விளங்காமல் இருக்குமா? உப்பு தின்றால் கம்பி பச்சையாகும். இது பளபளவென்று நேர்கோட்டில் வெட்டு. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. செத்த வீட்டில் பார்க்கிற மாதிரி.

"உப்பு?" என்று கேட்டார்.

"உப்பு" என்றேன்.

கடதாசியில் எழுதினார், எனக்குப் படிக்கத் தெரிந்த சிங்களத்தில்: உப்பால் பழுது. பெரியவர் கையெழுத்து வைத்தார். பொலிசுக்கு அறிவிப்பார்களாம்.

வெளிவாசல்வரை கிற்றாரை அவர்தான் தூக்கி வந்தார். தரும்போது பச்சைப் பெயின்றை ஒருமுறை கையால் துடைத்தார்.

ஏப்ரல் 12

ஞானசேகரம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். சுருள் போய்விட்டது என்றேன். அவர் திட்டியதை எழுதவில்லை.

"கொழும்பில கம்பி இருக்கு. நீ சுத்துவியோ?"

"சுத்துவன்."

"அந்தச் சத்தம் வருமோ?"

"தெரியாது. அது கோணல்மாணலாச் சுத்தின சுருள். எனக்குக் கை நேராத்தான் போகும்."

"ஒரு பேச்சுக்காவது வரும் எண்டு சொல்லத் தெரியாதாடா உனக்கு?"

"பழகிக்கொண்டிருக்கிறன்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "சரி, வா. கட்டையைக் கொண்டு வா. பதினெட்டாம் திகதி பின்னேரம் காதால கேப்பன். வராட்டி அண்டைக்கே வேற ஆளைப் பிடிப்பன், சொல்லிப்போட்டன்."

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. கனகரத்தினம் ஐயா பலகாரத் தட்டோடு வந்தார். "தம்பி, நான் பெருமையாத்தான் நாலு பேருக்குச் சொன்னனான்" என்றார். ஓம் ஐயா என்றேன். பலகாரம் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

றிப்போட் கிடைத்தது. அம்மா கிற்றாருக்குப் பழைய திரைச்சீலையில் உறை தைத்துத் தந்தார். தைத்துக்கொண்டே கேட்டார், "அண்டைக்கு வாசிச்ச அந்தச் சத்தம் அங்க போனா வருமோ ராசா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பூரணி பார்த்துக்கொண்டிருந்தாள். "போய்ச் சொல்லுறன் அம்மா" என்றேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. நாளைக் காலை முதல் பஸ்.

2. வழியில் எந்தச் சென்றியில் கேட்டாலும் "பழுது". அந்த ஒரு சொல் மட்டும். விளக்கம் இல்லை.

3. கொழும்பில் இறங்கின உடனே கம்பி. பிறகுதான் சாப்பாடு.

4. சுற்றும்போது கையைப் பார்க்கக் கூடாது. சுவரைப் பார்த்துச் சுற்றினால் கோணல் வரலாம்.

5. எண்ண ஆளில்லை. பூரணி மாதிரி உரத்து நானே எண்ணுவது. தும்மல் வந்தால் சுற்றுவதை நிறுத்துவது.

6. பதினெட்டாம் திகதி இரவு முன்கடைக்குப் போன் எடுத்து, அந்தச் சத்தம் வந்தால் வந்தது என்று அம்மாவுக்குச் சொல்வது.

7. வராவிட்டாலும் வந்தது என்று சொல்வது.